கருவிழிப் புண் ஆய்வில் இந்தியாவின் பங்கை அளப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு கண்நோயைப் பற்றி ஒரு நாடு எவ்வளவு ஆய்வு செய்திருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது நூலக அறிவியல் மாணவர்கள் விரும்பி எடுக்கும் தலைப்பு. அபிஷேகப்பட்டியில் இருக்கும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தைச் சுற்றியுள்ள நெல்லைச் சீமை மாணவர்களையும், கண் மருத்துவமனை ஆய்வகங்களில் வேலை பார்ப்பவர்களையும் மனதில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டு நோய், பூஞ்சையால் வரும் கருவிழிப் புண்.

கண் நீர் அழுத்தம், சர்க்கரை நோயால் வரும் விழித்திரைக் கோளாறு என்று பெரிய நோய்கள் இருக்க, ஏன் இது?

இது நம் வயற்காட்டு நோய். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல். அறுப்பிலும் சூடடிப்பிலும் பொலி தூற்றும்போதும் நெல் சுணையோ உமியோ வைக்கோல் துணுக்கோ கண்ணில் பட்டுவிடும். கருவிழியின் மேல்தோல் லேசாகக் கீறினாலே போதும், செடியிலும் மண்ணிலும் இருக்கும் பூஞ்சை உள்ளே இறங்கிவிடும். பெரும்பாலும் ஃபியூசேரியம், அஸ்பர்ஜில்லஸ் என்ற இரண்டு வகைகள்தான். தேரிப் பக்கமும் திசையன்விளைப் பக்கமும் போனால் பனங்கருக்கும் ஓலையும் இதே வேலையைச் செய்யும். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நின்றுவிடும். ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது’ என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

ஆய்வும் இங்கேயே நடந்திருக்கிறது. திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை 1988ல் தொடங்கியது. 1999 செப்டம்பரிலிருந்து மூன்று ஆண்டுகளில் அங்கே பரிசோதித்த 3183 கருவிழிப் புண்களில் 1095, அதாவது 34.4 விழுக்காடு, பூஞ்சையால் வந்தவை என்று 2003ல் இந்தியன் ஜர்னல் ஆஃப் ஆப்தல்மாலஜியில் ஒரு கட்டுரை வந்தது. நோயாளி, ஆய்வகம், கட்டுரை மூன்றும் ஒரே ஊரில் கிடைக்கும் தலைப்பு எளிதில் அமையாது. நெல்லை மாணவருக்கு இதைவிட நல்ல தலைப்பு எனக்குத் தோன்றவில்லை.

தலைப்பு கிடக்கட்டும். கண்ணில் நெல் பட்டுவிட்டால் என்ன செய்வது?

ஆய்வு பற்றிப் பேசப் போன இடங்களில் எல்லாம் இதைக் கேட்கிறார்கள், கேட்பதும் நியாயம்தான். கசக்காதீர்கள். சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு எதையும் விடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் பூஞ்சைப் புண் வேகமாக முற்றும், ஆகவே அதுவும் வேண்டாம். உறுத்தலோ சிவப்போ வலியோ இருந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். புண்ணில் இருந்து துளி சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தாலே பூஞ்சை இருப்பது பெரும்பாலும் சற்று நேரத்தில் தெரிந்துவிடும்.

‘ஆய்வு வெளியீட்டை அளப்பது’ என்றால் சரியாக என்ன?

ஒரு துறையில் ஒரு நாட்டிலிருந்து வந்த கட்டுரைகளைத் தேடி எடுத்து, எத்தனை, எந்த ஆண்டில், எந்த நிறுவனத்திலிருந்து, யாரோடு சேர்ந்து, எந்த இதழில், பிறகு யார் மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கிடுவது. சயின்டோமெட்ரிக்ஸ், பிப்ளியோமெட்ரிக்ஸ் என்று இரண்டு பெயர்களிலும் சொல்வார்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1948லேயே ‘லைப்ரமெட்ரி’, அதாவது நூலகப் பணியை எண்களால் அளப்பது, என்ற கருத்தை முன்வைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நமக்கு இது வெளியிலிருந்து வந்த துறை இல்லை.

எந்தத் தரவுத்தளத்தில் தேடுவது? எங்கள் கல்லூரியில் ஸ்கோபஸ் கிடையாது.

வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ் இரண்டுக்கும் சந்தா வேண்டும். இல்லையென்றால் வேலை நின்றுவிடாது. கண் மருத்துவத்துக்கு பப்மெட் இலவசம். 2022ல் வந்த ஓப்பன்அலெக்ஸும் இலவசம், மேற்கோள் எண்ணிக்கையும் அதில் கிடைக்கும். கூகுள் ஸ்காலர் தவறவிட்ட கட்டுரையைப் பிடிக்க உதவும். ஆனால் அதன் எண்ணிக்கையை அப்படியே அட்டவணையில் போடக்கூடாது. ஒரே கட்டுரை இரண்டு மூன்று தடவை வரும், எதைச் சேர்த்தார்கள் எதை விட்டார்கள் என்று நாம் பார்க்கவும் முடியாது.

வரைபடங்களுக்கு விஓஎஸ்வியூவரும், ஆர் மொழியில் ஓடும் பிப்ளியோமெட்ரிக்ஸ் தொகுப்பும் இலவசம். வண்ண வண்ணமாக வலை போட்டுத் தரும். அந்தப் படம் ஆய்வேட்டில் அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் சேர்க்காதீர்கள். படத்தில் பெரிய வட்டம் ஏன் பெரிதாக இருக்கிறது என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பத்தி எழுத முடிந்தால் சேருங்கள்.

கெராடைட்டிஸ் (கருவிழி அழற்சி) என்று போட்டுத் தேடினால் போதாதா?

போதாது. முழு ஆய்வும் சாய்வதோ நிமிர்வதோ இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கெராடைட்டிஸ் என்று மட்டும் போட்டால் பாக்டீரியா, ஹெர்பெஸ், அமீபா என்று எல்லாக் கருவிழி அழற்சியும் வந்து கொட்டும். ஃபங்கல் கெராடைட்டிஸ் என்று சுருக்கினால் பாதி கைவிட்டுப் போகும். மருத்துவர்கள் இதே நோயை மைகோட்டிக் கெராடைட்டிஸ், கெரட்டோமைகோசிஸ், மைகோட்டிக் கார்னியல் அல்சர் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். சிலர் தலைப்பில் பூஞ்சையின் பெயரையும் கருவிழியையும் மட்டும் போட்டிருப்பார்கள். ஆகவே நோயின் எல்லாப் பெயர்களும் ஒரு தொகுதி. ஃபியூசேரியம், அஸ்பர்ஜில்லஸ் போன்ற பெயர்களோடு கார்னியா (கருவிழி) என்ற சொல் சேர்ந்தது இன்னொரு தொகுதி. நாட்டமைசின், வோரிகோனசோல் போன்ற மருந்துகளோடு கார்னியா சேர்ந்தது மூன்றாவது. மூன்றையும் ‘அல்லது’ போட்டு இணைத்துத் தேடுங்கள். பப்மெட்டில் கார்னியல் அல்சர், ஐ இன்ஃபெக்‌ஷன்ஸ் ஃபங்கல் என்ற பொருள் தலைப்புகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வலையைப் பெரிதாக வீசினால் வேண்டாததும் வரும். முதலில் வருவது குதிரை! குதிரைக்கும் பூஞ்சைக் கருவிழிப் புண் வரும், அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அவற்றை வைத்துக்கொண்டு ‘அமெரிக்கா இந்தியாவை முந்துகிறது’ என்று எழுதினால் அது குதிரைகள் கணக்கு. எலி, முயலில் செய்த சோதனைகள் வேறு மாதிரி. அவை மனித நோய்க்காகச் செய்தவை, ஆகவே சேர்க்கலாம்.

அடுத்தது பிதியம் என்ற நுண்ணுயிர். பூஞ்சை மாதிரியே தெரியும், ஆனால் பூஞ்சை அல்ல. பூஞ்சைக்கான மருந்து அதற்குச் சரியாகக் கேட்பதில்லை. முன்பு பூஞ்சை என்று நினைத்துச் சிகிச்சை பார்த்த சிலவற்றைப் பிதியம் என்று இப்போது இந்திய ஆய்வகங்கள் பிரித்துச் சொல்கின்றன. இதைச் சேர்ப்பதா விடுவதா? எந்தப் பக்கம் முடிவு எடுத்தாலும் சரி, காரணத்தை எழுதுங்கள். என் விருப்பம், தனி வரிசையாகக் காட்டுவது. நோயறிதலில் இந்தியா செய்த வேலை அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும்.

தேடி எடுத்ததில் ஒரு இருநூறு பதிவுகளை இரண்டு பேர் தனித்தனியாக உட்கார்ந்து, சுருக்கத்தைப் படித்து, வேண்டும் வேண்டாம் என்று பிரித்துப் பாருங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே உங்கள் விதி தெளிவாக இல்லை என்று அர்த்தம். இரண்டு பேரில் ஒருவர் கண் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவராக இருந்தால் இன்னும் நல்லது.

எது ‘இந்தியக் கட்டுரை’?

ஆசிரியர்களில் ஒருவருக்காவது இந்திய முகவரி இருந்தால் இந்தியக் கட்டுரை என்பது வழக்கமான விதி. அதற்குள் மூன்று சிக்கல்கள் இருக்கின்றன.

முதல் சிக்கல் பப்மெட்டில். 1988 முதல் நீண்ட காலம் முதல் ஆசிரியரின் முகவரியை மட்டும்தான் அதில் பதிந்தார்கள். எல்லா ஆசிரியர்களின் முகவரியும் வரத் தொடங்கியது 2014 வாக்கில். ஆக, 2005ல் நோயாளிகள் எல்லாம் மதுரையில், முதல் ஆசிரியர் மட்டும் வெளிநாட்டில் என்று ஒரு கட்டுரை இருந்தால், முகவரித் தேடலில் அது இந்தியாவின் கணக்கில் வராது. 2014க்குப் பிறகு கூட்டுக் கட்டுரைகள் திடீரென்று ஏறினால், பதிவு முறை மாறியதுதான் காரணமா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது, பங்கு பிரிப்பது. நான்கு ஆசிரியர்கள்: இரண்டு பேர் மதுரை, ஒருவர் புதுச்சேரி, ஒருவர் சான் பிரான்சிஸ்கோ என்று வைத்துக்கொள்வோம். முழு எண்ணிக்கையில் இந்தியாவுக்கு 1, அமெரிக்காவுக்கு 1. ஆள் கணக்கில் பிரித்தால் இந்தியாவுக்கு 0.75, அமெரிக்காவுக்கு 0.25. நாட்டுக் கணக்கில் பிரித்தால் ஒவ்வொரு நாட்டுக்கும் பாதி. மூன்றும் சரியான கணக்குதான், ஆனால் ஒரே ஆய்வில் ஒரு அட்டவணைக்கு ஒன்று, இன்னொன்றுக்கு வேறு என்று மாற்றக்கூடாது.

மூன்றாவது, பணம் யாருடையது என்பது. 2013ல் வெளிவந்த மைகோட்டிக் அல்சர் சிகிச்சைப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். 323 நோயாளிகள், தென்னிந்திய அரவிந்த் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள். முதல் ஆசிரியர் மதுரை மருத்துவர். கூட்டாளி சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். நிதி அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனத்திலிருந்து. புதிய, விலை கூடிய வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசின்தான் மேல், அதிலும் ஃபியூசேரியத்துக்கு நிச்சயமாக மேல் என்று அது காட்டியது. இது எந்த நாட்டு ஆய்வு? முழு எண்ணிக்கை ‘இரண்டு நாட்டுக்கும் ஒன்று’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். முதல் ஆசிரியர், தொடர்பு ஆசிரியர், நிதி கொடுத்தவர், நோயாளிகளின் ஊர் என்று அட்டவணையில் நான்கு நெடுவரிசைகள் கூடுதலாகப் போட்டால்தான் அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்கும். நோயாளிகளின் ஊரைக் கையால் படித்துத்தான் நிரப்ப வேண்டும், மென்பொருள் தராது. நேரம் பிடிக்கும், செய்யுங்கள்.

ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் பலவிதமாக வருகிறதே?

வரும். நம் ஊரையே ஆங்கிலத்தில் ‘டி’யில் தொடங்கி ஒருவிதமாகவும், ‘டிஎச்’சில் தொடங்கி இன்னொரு விதமாகவும் எழுதுகிறார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை, அரவிந்த் கண் பராமரிப்பு அமைப்பு, அரவிந்த் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை எல்லாம் தனித்தனி நிறுவனங்களாகப் பட்டியலில் நிற்கும். கிளை வாரியாக எண்ண வேண்டுமா, மொத்தமாகவா என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள். மொத்தமாகச் சேர்த்தால் திருநெல்வேலிக் கிளையின் வேலை மதுரைக்குள் கரைந்துவிடும். ‘இந்தியா’ என்று தேடும்போது அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் உள்ளே வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஆள் பெயர்தான் கடினம். நமக்குத் தகப்பன் பெயர் தலையெழுத்தாக முன்னால் நிற்கும். தரவுத்தளம் சிலசமயம் அதைக் குடும்பப் பெயராக்கிவிடும். ஒரே மருத்துவர் மூன்று பேராகப் பிரிவார், மூன்று முத்துக்குமார்கள் ஒருவராகச் சேர்வார்கள். ‘அதிகம் எழுதிய பத்து ஆசிரியர்கள்’ அட்டவணை போடுமுன் ஒவ்வொரு பெயரையும் நிறுவனத்தோடும் கூட்டாளிகளோடும் வைத்துச் சரிபாருங்கள். அதற்கு நேரம் இல்லை என்றால் அந்த அட்டவணையே வேண்டாம். தவறான பெயர்ப் பட்டியல் உயிரோடு இருக்கும் மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

நோயாளி ஒருவரைப் பற்றிய குறிப்புகள், ஆசிரியருக்குக் கடிதம் இவையெல்லாம் கணக்கில் சேருமா?

சேருங்கள், ஆனால் தனியாக. இந்த நோயில் ‘அபூர்வப் பூஞ்சை ஒன்று கண்டோம்’ என்ற ஒற்றை நோயாளிக் கட்டுரைகள் ஏராளம். அவற்றுக்குப் பயன் உண்டு. ஆயிரம் பேரைப் பார்த்த ஆய்வோடு ஒரே எடையில் வைக்கத்தான் கூடாது.

என்னென்ன குறியீடுகள் கணக்கிட வேண்டும்?

முந்தைய ஆய்வேடுகளில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் போடுகிறார்கள். ஒன்றிரண்டைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

சார்பு வளர்ச்சி வீதமும் இரட்டிப்புக் காலமும்: திரண்ட எண்ணிக்கையின் மடக்கையை வைத்துப் போடும் கணக்கு. ஆண்டுக்குப் பத்துக் கட்டுரை என்று ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வந்தால்கூட, திரண்ட தொகை 10, 20, 30, 40 என்று போகும். வளர்ச்சி வீதம் 0.69, 0.41, 0.29 என்று இறங்கும். அதைப் பார்த்து ‘ஆய்வு ஆர்வம் குறைகிறது’ என்று எழுதிய முடிவுரைகள் உண்டு. அது கணக்கின் குணம், ஆய்வாளர்களின் சோர்வு அல்ல. ஆண்டு வாரியான வெறும் எண்ணிக்கையை ஒரு கோட்டுப்படமாகப் போட்டாலே போதும்.

கூட்டு முயற்சி அளவு, அதாவது பல ஆசிரியர் கட்டுரைகளின் விகிதம்: மருத்துவத்தில் தனியாக எழுதுவோர் குறைவு, ஆகவே எப்போதும் ஒன்றை ஒட்டியே வரும். யாரோடு கூட்டு என்பதைச் சொல்லுங்கள், அது உபயோகம்.

நான் கட்டாயம் போடச் சொல்வது செயல்பாட்டுக் குறியீடு. இந்தியா தன் மொத்த உழைப்போடு ஒப்பிட இந்த நோயில் எவ்வளவு ஈடுபடுகிறது என்று அது காட்டும். கணக்குப் புரிவதற்காக நான் கற்பனையாக வைக்கும் எண்கள் இவை: உலகின் கருவிழிப் பூஞ்சைக் கட்டுரைகள் 2000, அதில் இந்தியா 400, அதாவது 20 விழுக்காடு. கண் மருத்துவம் முழுவதிலும் உலகம் 60,000, இந்தியா 3000, அதாவது 5 விழுக்காடு. 20ஐ 5ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 400. நூறு என்றால் சராசரி ஈடுபாடு. 400 என்றால் இந்த நோய்க்கு இந்தியா தன் வழக்கத்தைப் போல நான்கு மடங்கு உழைக்கிறது.

மேற்கோள் எண்ணிக்கை தரத்தைக் காட்டாதா?

ஓரளவு காட்டும். பரிசோதனைக் கட்டுரைக்கும் ஆய்வுத் தொகுப்புக் கட்டுரைக்கும் மேற்கோள் குவியும். நெல்லையில் எந்த மாதத்தில் எந்தப் பூஞ்சை என்று எழுதிய கட்டுரைக்கு அவ்வளவு குவியாது. ஆனால் கார் அறுப்பு நேரத்தில் எந்த மருந்தை முதலில் தொடங்குவது என்று முடிவு செய்யும் மருத்துவருக்கு இரண்டாவதுதான் கையில் வேண்டும். 2018ல் வந்ததையும் 2003ல் வந்ததையும் ஒரே அளவில் ஒப்பிடாமல், வெளிவந்து ஐந்து ஆண்டுக்குள் கிடைத்த மேற்கோள் என்று எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இதழின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோளை) வைத்துக் கட்டுரையை எடைபோடாதீர்கள் என்று, ஆய்வை மதிப்பிடுவது பற்றிய 2012ன் சான் பிரான்சிஸ்கோ அறிக்கையே சொல்கிறது. அதே பொருளில் வந்த 2015ன் லைடன் அறிக்கை உள்ளூர்த் தேவைக்கான ஆய்வைக் காப்பாற்றச் சொல்கிறது. இரண்டையும் படித்துவிட்டு அந்த அத்தியாயத்தை எழுதுங்கள்.

தமிழில் எழுதியவை?

தரவுத்தளங்களில் அநேகமாக வராது. இங்கே முடிந்த முனைவர் பட்ட ஆய்வேடுகளை, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவில் பார்த்துத் தனி இணைப்பாகக் கொடுக்கலாம்.

கட்டுரை எண்ணிக்கையை நோயின் அளவோடு ஒப்பிடலாமா?

ஒப்பிட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை பாடும். இந்தியா எத்தனையாவது இடம் என்று கண்டுபிடித்துவிட்டு நிறுத்தினால், அந்த இடம் போதுமா போதாதா என்று யாருக்கும் தெரியாது.

2005–06ல் அமெரிக்காவில் கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் ஒன்றோடு தொடர்புள்ள ஃபியூசேரியம் தொற்று பரவியது. உறுதி செய்யப்பட்டவர்கள் 164 பேர். பெரிய இதழ்கள் எழுதின, விசாரணை நடந்தது, அந்தத் திரவம் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் திருநெல்வேலியில் ஒரே மருத்துவமனையில் மூன்று ஆண்டில் 1095 பேர். இங்கே திரும்பப் பெற ஒரு புட்டி இல்லை, இருந்தது நெல்லும் வைக்கோலும். ஆண்டு வாரிக் கோட்டுப்படத்தில் 2006க்குப் பிறகு உலக எண்ணிக்கை மேலே போனால், அதில் லென்ஸ் கட்டுரைகள் எத்தனை, வயல் காயக் கட்டுரைகள் எத்தனை என்று பிரித்துக் காட்டுங்கள்.

உலக அளவில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு இந்த நோய் வருவதாக 2021ல் ஒரு மதிப்பீடு வந்தது. சுமை அதிகம் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும். மதுரை மாவட்டத்தில் 1993ல் எல்லா வகைக் கருவிழிப் புண்ணும் சேர்த்து லட்சம் பேருக்கு 113 என்று கணக்கிட்டார்கள். அமெரிக்காவின் ஓல்ம்ஸ்டெட் வட்டாரத்தில் அது 11. பத்து மடங்கு வித்தியாசம். ஆய்விலும் பத்து மடங்கு இருக்கிறதா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

ஒப்பிடும்போது கவனம் வேண்டும். திருநெல்வேலிக் கட்டுரையின் 3183 என்பது மருத்துவமனைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை, மாவட்டத்தில் நோய் வந்தவர்கள் எண்ணிக்கை அல்ல. கன்னியாகுமரிப் பக்கமிருந்தும் நோயாளிகள் வருவார்கள். வராமலே வீட்டில் இருந்துவிட்டவர்களும் உண்டு. மாவட்டமும் ஒரே மாவட்டம் அல்ல. 1986ல் தூத்துக்குடி பிரிந்தது, 2019ல் தென்காசி பிரிந்தது. ‘திருநெல்வேலி மாவட்டம்’ என்று 2003 கட்டுரை சொல்வதும் 2023 கட்டுரை சொல்வதும் வேறு வேறு நிலப்பரப்பு. இன்றைய மக்கள்தொகையை அன்றைய நோயாளிகளுக்குக் கீழே வைத்து வகுத்துவிடாதீர்கள்.

நெறியாளர் ‘இந்தியா இரண்டாம் இடம், மூன்றாம் இடம் என்று முடித்துவிடு, போதும்’ என்கிறார். என்ன செய்ய?

இடத்தைக் கொடுங்கள், கூடவே அது எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில், எந்தத் தேடல் வரியில், எந்த எண்ணும் முறையில் வந்தது என்பதையும் அதே பத்தியில் கொடுங்கள். முறையை மாற்றினால் இடம் மாறுகிறதா என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்து அதையும் எழுதுங்கள். மாறாவிட்டால் உங்கள் முடிவு உறுதியானது, மாறினால் அதுவே ஒரு நல்ல கண்டுபிடிப்பு. இதைக் காட்டினால் எந்த நெறியாளரும் மறுக்க மாட்டார்.

முடித்தபின் யாரிடம் காட்டுவது?

தேர்வாளரிடம் போகுமுன் ஒரு கருவிழி மருத்துவரிடமும் ஒரு நுண்ணுயிர் ஆய்வகத்திலும் கட்டுரைப் பட்டியலைக் கொடுங்கள். அட்டவணைகளைப் படிக்க அவர்களுக்கு நேரம் இருக்காது, பட்டியலை மட்டும் கொடுங்கள். ‘இதில் என்ன விட்டுப்போயிருக்கிறது?’ என்ற ஒரு கேள்வி போதும். விட்டுப்போன கட்டுரைகளை அவர்கள் சொன்னதும், அவை ஏன் உங்கள் தேடலில் சிக்கவில்லை என்று பார்த்துத் தேடல் வரியைத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். பதிவுகளின் கோப்பையும் தேடல் வரியையும் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதிலிருந்தே தொடங்கலாம்.